ஒரே கையில் இரண்டு காப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாத மத்தியானம். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து பிஸ்கட் டின் ஒன்றில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். டின் முழுக்க நுணுக்கமாக ஓட்டை போட்டு, உள்ளே ஒரு சின்ன பல்பை எரியவிட்டால், இருட்டில் சுவரெல்லாம் நட்சத்திரமாகத் தெரியும். என் தம்பிக்குப் பிறக்கப் போகிற குழந்தைக்காக அதைச் செய்துகொண்டிருந்தேன். பிறக்க இன்னும் மூன்று மாதம் கிடந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பேண்டேஜ் துணி தயாரிக்கிற யூனிட் ஒன்று இருக்கிறது. வெளுத்த துணியை நீளநீளமாகக் கயிற்றில் காயப் போடுவார்கள். மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கினால் அத்தனை துணியும் ஒன்றாக எழும்பும். சத்தமே இருக்காது. வெள்ளையாக எழும்பும், நிற்கும், தணியும். அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தால் பசி தெரியாது, நேரம் தெரியாது, கூப்பிட்டாலும் காது கேட்காது. அன்றைக்கு நான் அந்த மயக்கத்தில் இருந்தேன்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் சொல்லிக் கொடுக்கிறவள். பிள்ளைகள் புராஜெக்ட் செய்யும்போது முதலில் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மிஸ், இதை எதால வெட்டணும்?" தகரத்துக்கு ஒரு கத்திரி, ஒயருக்கு வேறு, பிளாஸ்டிக் குழாய்க்கு வேறு. கனமான இரும்பு என்றால் ஆக்ஸா பிளேடு, இரும்பு அறுக்கிற ரம்பம். அதிலும் பெரிய பல்லா, பொடிப் பல்லா என்று பார்க்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். எங்கள் பீரோவில் புடவையைவிடக் கத்திரி அதிகம் என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அப்போதுதான் போன் வந்தது. தம்பி மனைவி.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தம்பியும் அவளும் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டு பேருக்கும் வேலை ராஜபாளையத்தில். அவன் மில்லில் பிட்டர். அவள் ஒரு பேண்டேஜ் யூனிட்டில் துணி வெட்டி மடிக்கிற இடத்தில் இருந்தாள். அவளுக்கு இரண்டு முறை கரு உண்டாகி, தங்காமல் போனது. இது மூன்றாவது, ஏழாம் மாதம். இந்தத் தடவை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று தம்பி மாரியம்மனுக்குப் பூக்குழி இறங்குவதாக நேர்ந்துகொண்டு, கையில் காப்புக் கட்டியிருந்தான். மஞ்சள் துண்டு கோத்த கயிறு. கட்டிவிட்டால் தீ மிதிக்கிற வரை அதைக் கழற்றக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மில்லுக்குக்கூட லீவு போட்டுவிட்டு ஊரிலேயே இருந்தான்.

"மதினி, அவியளுக்குக் கை வீங்கிப் போச்சு. காப்பை வெட்டணும்னு சொல்லுதாங்க..." என்று மூச்சு வாங்கப் பேசினாள்.

எனக்குச் சுரீர் என்றது. என் தம்பிக்கு நேர்ந்துகொள்வதில் இருக்கிற வேகம் செலுத்துவதில் இருக்காது. சின்ன வயதிலேயே மொட்டை போடுகிறேன் என்று சாமிக்குச் சொல்லிவிட்டு, நாவிதரைக் கண்டதும் ஓடி ஒளிந்தவன். இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"என்னட்டி பேசுத? இன்னும் நாலு நாள் பொறுக்க முடியாதாமா அவனுக்கு? இறுக்குனா கயித்தைச் செத்த தளத்தி விடு. வெட்டுற பேச்செல்லாம் எங்கிட்ட வச்சுக்கிடாத."

"இல்ல மதினி, நான் சொல்லுதது..."

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு இப்படியா பேசுவாக?" என்று போனைக் கட் பண்ணிவிட்டேன். பிறகு அதைச் சத்தம் வராமல் செய்து கவிழ்த்து வைத்தேன். ஆணியையும் சுத்தியலையும் எடுத்து விட்ட இடத்தில் ஆரம்பித்தேன். டொக், டொக். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பொட்டு வெயில் வந்து என் மடியில் விழுந்தது. பின்னால் துணிகள் எழும்பித் தணிந்தன. சொன்னால் வெட்கமாக இருக்கிறது, அந்த முக்கால் மணி நேரம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

மணி பார்க்கத்தான் போனைத் திருப்பினேன். அவளிடமிருந்து நாலு மிஸ்டு கால். தம்பியிடமிருந்து ஒரு போட்டோ, கீழே 'வீட்டுக்கு வாக்கா' என்று ஒரு வரி.

போட்டோவில் ஒரு கை. என் தம்பியின் கை என்று உடனே தெரியவில்லை, அவ்வளவு வீக்கம். மணிக்கட்டில் சதை இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்க, நடுப் பள்ளத்தில் எவர்சில்வர் காப்பு. காலேஜ் படிக்கும்போது ஏதோ திருவிழாக் கடையில் வாங்கி, ஒல்லிக் கையில் சோப்பைப் போட்டு ஏற்றிக்கொண்டது. உடம்பு வைத்த பிறகு அது இறங்கவே இல்லை. அவன் கையோடு பார்த்துப் பார்த்துப் பழகி, அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அவள் சொன்னது இந்தக் காப்பை. நான் நினைத்தது அந்தக் காப்பை. கயிறாக இருந்தால் 'அவிழ்க்கணும்' என்றல்லவா சொல்லியிருப்பாள்? 'வெட்டணும்' என்றாளே, அதிலேயே இரும்பு இருந்ததே! எதை எதால் வெட்டுவது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவளுக்கு அந்த ஒரு சொல் காதில் ஏறவில்லை.

அதற்கப்புறம் பீரோவைத் திறந்து எதை எடுப்பது என்று யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் அள்ளிப் பையில் போட்டேன். பெரிய ஆக்ஸா, சின்ன ஆக்ஸா, பொடிப் பல் பிளேடு ஒரு பாக்கெட், முக்கோண அரம், தகரக் கத்திரி, கம்பி வெட்டுகிற நீளக் கைப்பிடி கட்டர், இறுக்கிப் பிடிக்கிற குறடு. ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் பையை வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் விட்டேன்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். தினமும் பார்க்கிற ரோடு. அன்றைக்கு அது என்னவோ முடியவே இல்லை. வேம்பெல்லாம் பூத்து, பூ ரோட்டில் பொடியாகக் கொட்டிக் கிடந்தது. ஒவ்வொரு பஸ் போகும்போதும் அது கிளம்பி முகத்தில் வந்து ஒட்டியது. இடது பக்கம் மலை, வெயில் புகையில் பாதி கரைந்து, கூடவே வந்துகொண்டிருந்தது. மில் சுவர்கள் வந்தன, போயின. காலுக்குக் கீழே பையில் இரும்பெல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தது. நான் நிற்கிறேனா போகிறேனா என்றே தெரியாத மாதிரி ஒரு பயணம். வாய் மட்டும் "மாரியாத்தா, மாரியாத்தா" என்றது.

வீட்டில் தம்பி பாயில் உட்கார்ந்து, கையை ஒரு தலையணை மேல் தூக்கி வைத்திருந்தான். விரல் நுனியெல்லாம் கருநீலம். நடந்தது இதுதான்: கோவிலுக்கு வேப்பிலை ஒடிக்கக் கொல்லை மரத்தில் ஏறியிருக்கிறான். கிளை மறைவில் குளவிக் கூடு. கையிலேயே நாலைந்து கொட்டு. பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். எண்ணெய் தடவி, சோப்புத் தடவிப் பார்த்துவிட்டு, காப்பை உடனே வெட்டியாக வேண்டும், தாமதித்தால் விரல்களுக்கு ஆபத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றிருக்கிறார்கள். எவர்சில்வருக்கு அடியில் மஞ்சள் கயிறும் சிக்கியிருந்ததால், முதலில் கயிற்றை வெட்டினால்தான் வேலையே செய்ய முடியும் என்று ஒரு நர்ஸ் சொல்ல, இவன் கையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

"எங்கக்கா பாத்துக்கிடும்னு வந்துட்டேன்" என்றான். இன்று யார் வந்து கேட்டாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றுதான் சொல்வேன். அன்று அதற்கும் நேரமில்லை என்று தோன்றிவிட்டது.

பையைக் கவிழ்த்தேன். முதலில் கம்பி வெட்டுகிற கட்டர். ஒரே அழுத்தில் முடிந்துவிடும். ஆனால் அதன் ஒரு தாடை காப்புக்கு அடியில் போக வேண்டுமே, அதற்கு இடம் எங்கே? தகரக் கத்திரிக்கும் அதே கதி. அதோடு அந்தக் கனத்துக்கு அது பல்லைக் காட்டிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வாசலில் கரண்டில் இரும்பு அறுக்கிற கிரைண்டரோடு தயாராக நின்றார். அந்தச் சூட்டுக்கும் பொறிக்கும் கை வெந்துபோகும் என்று அவரை அனுப்பி வைத்தேன். மிச்சம் இருந்தது சின்ன ஆக்ஸா. அது வெட்டும், சந்தேகமில்லை. இரும்பு முடிந்ததும் கயிறு, கயிறு முடிந்ததும் சதை, எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது. நடுவில் தடுப்பாக எதையாவது சொருக வேண்டும். சொருகவிடாமல் கயிறு திரண்டு கிடந்தது.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தக் கயிற்றுக்காகப் போனில் அந்த ஆட்டம் ஆடியவள் நான்தான். அதே நான் இப்போது சொன்னேன்: "கயித்தை வெட்டிருவோம்லே. வேற கட்டிக்கிடலாம். ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டா."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சின்னக் கத்திரியை எடுத்துக் குனிந்தேன். குறுக்கே ஒரு உள்ளங்கை வந்து அவன் மணிக்கட்டை மூடிக்கொண்டது. அவள்தான். அதுவரை அவள் அங்கே இருப்பதையே நான் கவனிக்கவில்லை.

"எதை வெட்டணும்னே பாக்கீக மதினி. எதை வெட்டக் கூடாதுன்னு செத்த பாருங்க."

குரல் உயரவில்லை. என்னை எதிர்த்துப் பேசுகிறோம் என்ற பயம்கூட அதில் இருந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை.

"எனக்கு விரல் பெருசா, கயிறு பெருசான்னா விரல்தான் பெருசு. அஞ்சு நிமிசம் குடுங்க. முடியலன்னா நானே வெட்டித் தாரேன்" என்றாள்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு கிரேப் பேண்டேஜ் சுருளும் ஒரு கத்திரியும் இருந்தன. நான் கை நீட்டினேன். கொடுக்காமல் பாயில் வைத்து, "எடுத்துக்கிடுங்க" என்றாள். கத்திரியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். அந்த அவசரத்திலும் அவளுக்கு அது மறக்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் கேலி செய்திருப்பேன்.

அது பேண்டேஜ் வெட்டுகிற கத்திரி. கட்டுப் போட்ட காலிலோ கையிலோ கட்டை வெட்டி எடுப்பதற்கு. அதன் கீழ் அலகின் நுனி மட்டும் வாத்தின் மூக்கு மாதிரி சப்பையாக, மொழுக்கென்று இருக்கும். தோலோடு ஒட்டிக்கொண்டே உள்ளே போகும், கீறாது. என் பீரோவில் அப்படி ஒன்று கிடையாது. கூர் இல்லாத கத்திரியை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்று நினைக்கிற ஆள் நான்.

தம்பியின் கையை உயரத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். விரல் நுனியிலிருந்து ஆரம்பித்துக் காப்பு வரைக்கும் பேண்டேஜை இறுக்கமாகச் சுற்றினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். பிரித்தாள், மறுபடி சுற்றினாள். யூனிட்டில் பேண்டேஜ் சுற்றிக் காட்டிக் காட்டிப் பழகிய கை. அவசரமே இல்லை. அந்த வீட்டில் அந்த நேரத்தில் அது மட்டும்தான் நிதானமாக இருந்தது. ஜன்னல் வழியாக வேப்பம்பூ வாசனை வந்துகொண்டிருந்தது. மூன்றாவது முறை பிரித்தபோது வீக்கம் ஒரு பொட்டு வடிந்திருந்தது. ஒரு பொட்டுதான்.

அது போதுமாக இருந்தது. கத்திரியின் சப்பை மூக்கால் மஞ்சள் கயிற்றைத் தள்ளினாள். ஒரு அரிசி நீளம், இன்னும் ஒரு அரிசி நீளம். கயிறு முழங்கைப் பக்கம் நகர்ந்து எவர்சில்வருக்கு வெளியே வந்தது. அதைத் தளர்வாகத்தான் கட்டியிருந்தார்கள். இறுக்கியதெல்லாம் இரும்புதான். பிறகு அந்த மூக்கை இரும்புக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இப்ப அறுங்க மதினி."

காப்பு சுழலாமல் இருக்கக் குறட்டால் கவ்விக்கொண்டேன். முக்கோண அரத்தால் ஒரு சின்னக் கோடு போட்டு, அதில் ஆக்ஸாவை வைத்தேன். தம்பி மற்றக் கையால் ஈரத் துணியைப் பிழிந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டான். இத்தனை வருடத்தில் எத்தனை இரும்பை அறுத்திருப்பேன், அன்றைக்குத்தான் பிளேடு நேராக ஓட மறுத்தது. அது கோட்டை விட்டு விலகும்போதெல்லாம் அவள் "ம்... ம்..." என்றாள், குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி. க்ரீச் என்ற சத்தம் சட்டென்று மாறி, பிளேடு கத்திரி மூக்கில் போய் முட்டியது. அடுத்த பக்கமும் அதே மாதிரி. எவ்வளவு நேரமானது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காப்பு இரண்டு துண்டாகப் பாயில் விழுந்தது.

மணிக்கட்டில் அழுத்தமாக ஒரு பள்ளம். அதற்குக் கொஞ்சம் மேலே, மஞ்சள் கயிறு ஒரு இழைகூடப் பிரியாமல் இருந்தது. மூன்று பேரும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். கருநீலம் கலங்கி, வெளிறி, மெதுவாக மெதுவாகச் சிவந்தது. விடிகிற மாதிரி இருந்தது. தம்பி சுண்டுவிரலை ஆட்டிக் காட்டிவிட்டு, "அப்பாடா, பிடிச்ச சனியன் விட்டுச்சு" என்றான். நான் சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டேன்.

அங்கிருந்து ஊருக்குள்ளேயே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். "தப்பிச்சீங்க. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா சிக்கலாகியிருக்கும்" என்றார். எனக்கு மடியில் விழுந்த வெயில் பொட்டுகள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் தம்பி கேட்டான். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. "ஏன்க்கா இம்புட்டு நேரமாச்சு? ஆஸ்பத்திரியிலருந்தே இவ உனக்குப் போன் போட்டாளே. அப்பவே கிளம்பியிருந்தா எப்பவோ வந்திருப்பியே."

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தேன்.

"லைனே கெடைக்கலங்க. போட்டுப் போட்டுப் பாத்தேன். பொறவுதான் கெடைச்சுது" என்றாள் அவள். என் பக்கம் திரும்பவே இல்லை. அவன் கைக்கட்டைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். கொஞ்சம் முன்னால் இரும்புக்கும் தோலுக்கும் நடுவில் கத்திரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அதே மாதிரி இப்போதும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என் திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

தம்பி பூக்குழி இறங்கினான். நானும் அவளும் கூட்டத்தில் கைகோத்துக்கொண்டு நின்றோம். இறங்கி வந்த பிறகுதான் கயிறு அவிழ்ந்தது. ஆனி மாதம் பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாக, நிறைய முடியோடு, ஊரைக் கூட்டுகிற அழுகையோடு பிறந்தாள்.

இப்போதெல்லாம் பிள்ளைகள் "எதால வெட்டணும் மிஸ்?" என்று கேட்டால், "அதுக்குப் பக்கத்துல, அடியில என்ன இருக்குன்னு முதல்ல சொல்லு" என்கிறேன். அவர்களுக்கு அது நல்ல பாடமாகத்தான் படுகிறது. எங்கிருந்து கற்றுக்கொண்டேன் என்று யாரும் கேட்டதில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்க நாலைந்து முறை ஆரம்பித்திருக்கிறேன். "அன்னைக்கு நீ போன் பண்ணுனப்போ..." என்றதும், "டீ போடட்டா மதினி?" என்று எழுந்து போய்விடுவாள். அக்கா முன்னே மாதிரி இல்லை, வாய் குறைந்துவிட்டது, வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று தம்பி கேலி செய்கிறான். செய்துவிட்டுப் போகட்டும். இந்த மூன்று வருடமாக, அவள் ஒரு பேச்சை ஆரம்பித்தால் அது எவ்வளவு நீண்டாலும், எனக்கு முன்பே தெரிந்த விஷயமாக இருந்தாலும், அவள் முடிக்கிற வரைக்கும் நான் வாய் திறப்பதில்லை. அவளுக்கு நான் தர முடிந்த மன்னிப்பு இதுவரை அது ஒன்றுதான்.